கேலிச்சித்திரம் சேர்த்தவர்கள்

நாளிதழைப் பிரித்ததும் நம்மில் பலரது கண் கேலிச்சித்திரத்தைத்தான் தேடும். பெரிய மனிதர்களைப் படம் வரைந்து நகைக்கும் இக்கலை 18ஆம் நூற்றாண்டு இலண்டன் மாநகரில் செழித்திருந்தது. அதன் கதையை இன்று காண்போம்.

அன்று செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படத்தைக் கீறுவார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பார்கள். பிறகு கையால் வண்ணம் தீட்டுவார்கள்.

இக்கலையில் பெரும்புகழ் பெற்றவர் ஜேம்ஸ் கில்ரே. ஹன்னா ஹம்ப்ரி என்னும் அம்மையார் அவர் படங்களை விற்றார். பணம் படைத்தோர் வாங்கினர். இல்லாதோர் கடைச் சன்னலின் முன் கூடி நின்று சிரித்தனர். 1792இல் பட்டத்து இளவரசரையே கில்ரே வரைந்தார். வயிறு புடைக்க உண்டு, முள்கரண்டியால் பல் குத்துகிறார் இளவரசர். அருகில் கட்டப்படாத கடன் சீட்டுகள்! வியப்பு என்னவென்றால், அந்த இளவரசரே கில்ரேயின் படங்களை வாங்கிச் சேர்த்தவர். அரண்மனையில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 10,000 கேலிச்சித்திரங்களை 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது.

அதே 1792இல் வெளிவந்த மற்றொரு படம் நம் கருத்துக்கு உரியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாமென்று இங்கிலாந்தில் பலர் ஒதுக்கிய காலம் அது. சர்க்கரையில்லாத் தேநீரைப் பருகும்படி அரசி தம் பெண்மக்களை வற்புறுத்துகிறார். அடிமைகளின் உழைப்பு குறையும் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தையாருக்குச் செலவு மிச்சம் என்கிறார்! இரக்கத்தினுள் ஒளிந்திருந்த கருமித்தனத்தைக் கில்ரே காட்டிவிட்டார். ஆனால் அப்படத்தில் தேநீர் மேசை உண்டு. கரும்பு வெட்டியவர் இல்லை.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. பின்னர் மொரிசியசிலும் நம் நாட்டு வெல்லெஸ்லி மாநிலத்திலும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் தமிழர் பலர்.

சாரா சோபியா பாங்க்ஸ் என்னும் அம்மையார் கேலிச்சித்திரங்களோடு நுழைவுச்சீட்டு, அழைப்பிதழ், கடை விளம்பரம் ஆகியவற்றையும் சேர்த்தார். பிறர் குப்பையென எறிந்தவை அவை. 1818இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அக்கால வாழ்வை இன்று அறிய அவையே சான்றுகள்.

சீமான்களின் சீட்டுகளைச் சேர்க்க ஆளிருந்தது. நம் பாட்டன் பாட்டியரின் சீட்டுகளை யார் சேர்ப்பார்? நாமே சேர்க்க வேண்டும். பெட்டியடியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, மங்கிய நிழற்படம் எதையும் எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதி, கறையான் அண்டாமல் காத்து வையுங்கள். நாளைய பிள்ளைகளுக்கு அதுவே வரலாறு.