கொம்பு முளைத்த முயலும் தொண்டைப் புற்றும்

நெய்யூர் இன்று குமரி மாவட்டத்து ஊர். அன்று திருவிதாங்கூர்ச் சீமை. அங்கிருந்த மிஷன் மருத்துவமனைக்கு வாய்ப்புற்றோடு வந்தவர்களில் பலர் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள். ஐ. எம். ஓர் என்ற அறுவை மருத்துவர் இந்தத் தொடர்பை 1933இல் 'லான்செட்' இதழில் விரிவாக எழுதினார்.

புற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதற்கான தடம் அதே ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் காட்டு முயல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில முயல்களின் தலையில் கொம்பு முளைப்பதாக வேட்டைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். அது கொம்பல்ல, மரு. ஷோப் அதை அரைத்து, பாக்டீரியாக்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, நல்ல முயலின் தோலில் தேய்த்தார். அங்கும் மரு எழுந்தது. காரணம் வைரஸ்.

அவர் அந்த ஆய்வைப் பேட்டன் ரௌஸிடம் ஒப்படைத்தார். கோழிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றை வைரஸ் உண்டாக்குகிறது என்று 1911லேயே சொல்லி, யாரையும் நம்பவைக்க முடியாமல் போனவர் ரௌஸ். முயலின் மருவும் நாளடைவில் புற்றாக மாறுவதை அவர் காட்டினார். 1966இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 87.

மனிதரிடமும் இப்படி நடக்குமா என்று தேடியவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன். மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த 16ஆம் வகையை, கருப்பைவாய்ப் புற்றில் அவரது குழு 1983இல் கண்டறிந்தது. வாயின் உட்பரப்பையும் கருப்பைவாயின் வெளிப்புறத்தையும் மூடியிருப்பவை ஒரே மாதிரியான தட்டைச் செல்கள். அப்படியானால் வாயிலும் இது நடக்குமா? அதே ஆண்டில் பின்லாந்தின் காரி சிர்யானென் குழுவினர் வாய்ப்புற்றுத் திசுக்களிலும் பாப்பிலோமா வைரஸின் தடயங்களைக் கண்டனர்.

இந்தத் தொடர்பு குறித்த ஐயம் தீர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மௌரா கில்லிசன் குழு, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 253 பேரின் கட்டிகளைச் சோதித்தது. கால்வாசிக் கட்டிகளில் வைரஸ் இருந்தது. அவற்றில் 90 விழுக்காடு 16ஆம் வகை. அதிகம் தென்பட்ட இடம் டான்சிலும் அடிநாக்கும் அடங்கிய தொண்டைப் பகுதி.

வைரஸின் இரண்டு புரதங்களே இந்தக் கேட்டைச் செய்கின்றன. செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53, ஆர்பி ஆகிய புரதங்களை அவை முடக்கிவிடுகின்றன. புகையும் குடியும் அறியாதவருக்கும் தொண்டைப் புற்று வருவது இதனால்தான். இவ்வகைப் புற்று, புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது.

ஆனால் கன்னத்திலும் நாக்கின் முன்பகுதியிலும் வரும் புற்றுக்கு இந்தியாவில் முதன்மைக் காரணங்கள் இன்றும் புகையிலையும் பாக்கும்தான். அங்கே வைரஸின் பங்கு சிறிது. கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்க 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியின் புதிய வடிவத்துக்கு, தொண்டைப் புற்றைத் தடுக்கவும் 2020இல் அங்கே ஒப்புதல் கிடைத்தது. தொற்று வருமுன் போட்டால்தான் முழுப் பலன் என்பதால், 9 வயதிலிருந்தே பெண் குழந்தைகளோடு ஆண் குழந்தைகளுக்கும் அதைப் போடலாம்.