பால்ட்வினின் மறுப்பு

1923 டிசெம்பரில் நடைபெற்ற பிரித்தானியத் தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. பழமைக் கட்சிக்கு 258, தொழிற் கட்சிக்கு 191, லிபரல் கட்சிக்கு 158 ஆசனங்கள். தொழிலாளர் ஆட்சியேறினால் சொத்துரிமைக்கு ஆபத்து என அஞ்சிய பழமைவாதிகள் சிலர், நெடுநாளைய எதிரியான லிபரல் தலைவர் அஸ்குவித்தையே ஆதரித்துப் பிரதமராக்குவோம் என்றனர். அவர்தம் தலைவரான பால்ட்வின் இணங்கவில்லை. தொழிலாளரைத் தடுப்பதற்கென்றே சேரும் கூட்டு, அவர்களுக்கு உரியதைப் பறித்ததாகவே தோன்றும் என அவர் கருதினார். அஸ்குவித்தும் அக்கூட்டினை விரும்பினாரல்லர். அவர் கட்சியின் ஆதரவுடனேயே 1924 ஜனவரியில் மக்டொனால்ட் முதலாவது தொழிற் கட்சி அரசாங்கத்தை அமைத்தார். அஞ்சிய பேராபத்து எதுவும் நிகழவில்லை.

பால்ட்வினின் மறுப்பில் கட்சி நலமும் கலந்திருந்தது. நடுவில் நின்ற லிபரல் கட்சி தேய்ந்தால், அதன் வாக்காளரிற் பலர் பழமைக் கட்சியையே நாடுவரன்றோ? அவ்வாண்டு ஒக்டோபர்த் தேர்தலில் பழமைக் கட்சி 400க்கு மேற்பட்ட ஆசனங்களை வென்றது. லிபரல் கட்சிக்கு எஞ்சியவை 40 மட்டுமே. அஸ்குவித் தமது பெய்ஸ்லித் தொகுதியையும் இழந்தார்.