துண்டும் துண்டுப்பிரசுரமும்: மலையகத் தோட்டங்களில் கல்வி, தொடர்பு சாதனங்களின் வரலாறு

அறிவைப் பெறுவதற்கும் பரப்புவதற்கும் மனிதர் கையாண்ட சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர், ஏடும் எழுத்தாணியும், அச்சு இயந்திரம், தந்தி, வானொலி, தொலைக்காட்சி, கணினி என அவற்றை ஒரு படிமுறை வளர்ச்சியாக வரிசைப்படுத்திக் காட்டுதல் வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய சாதனங்கள் தோன்ற, மக்களின் அறிவும் அவற்றோடு உயர்ந்து சென்றது என்பதே அவ்வரிசையின் உட்கிடையாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தருவதில்லை. நுவரெலியா, அட்டன், தலவாக்கலை முதலிய பகுதிகளுக்கு எழுத்தும் அச்சும் தந்தியும் காலந்தாழ்த்தி வந்தன என்று கூற முடியாது. அவை வந்தபோது யாருடைய கையில் இருந்தன என்பதே இங்கு எழும் வினா.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டார். கோப்பி நோயினால் அழிந்தொழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதப் பாதை 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் நீண்டது. பாதை வழியே தந்திக் கம்பியும் தபாலும் மலையேறின. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசியும் ஆட்களும் மேலே வந்தனர். இலண்டன் ஏலச் சந்தையின் விலை நிலவரம் மலையுச்சியிலிருந்த துரையின் பங்களாவுக்குத் தந்தி மூலம் விரைவில் எட்டியது. அதே தோட்டத்தின் லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கோ, தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டிருக்கின்றது என்பதை அறியும் வழிகூட இருக்கவில்லை. இவ்விரு நிலைகளும் ஒரே காலத்தில், ஒரே மலைச்சரிவில் நிலவின என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

தோட்டத்தின் முதன்மையான தொடர்பு சாதனம் தப்பு எனலாம். வைகறையில் தப்பு முழங்கியதும் ஆண்களும் பெண்களும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்பர். கடிகாரமில்லாத லயத்திற்கு நேரத்தை அறிவித்தது அதுவே. துரையும் கணக்கப்பிள்ளையும் அங்கு பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பர். வந்தோர் பெயர் செக்ரோலில் பதிவாகும். அடிப்போன் தொழிலாளியே ஆயினும், ஒலி கூறும் செய்தி நிர்வாகத்தினுடையது. அதற்கு மறுமொழி கூறும் வழி கேட்போருக்கு இல்லை. துரைமாருக்காக அச்சிடப்பட்ட தமிழ்க் கையேடுகளும் இத்தன்மையனவே. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பார் எழுதிய ‘கூலித் தமிழ்’ போன்ற நூல்கள் வேலை வாங்குவதற்கு வேண்டிய தமிழை வெள்ளையருக்குக் கற்பித்தன. தமிழ் மொழி அச்சேறியது உண்மை. ஆயின் அந்நூல்களிலே தொழிலாளி கேட்போனாகவே வருகின்றான்.

எழுத்து தொழிலாளியின் வாழ்வைத் தொட்ட முதல் வடிவம் ‘துண்டு’ ஆகும். இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இன்னின்ன தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சிறு கடிதமே துண்டு எனப்பட்டது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குச் செல்வான். அங்குள்ள துரை பணத்தைச் செலுத்தினால், கடனும் ஆட்களும் கைமாறுவர். தமது உழைப்பின் விலை எழுதப்பட்ட அத்தாளைத் தொழிலாளரால் வாசிக்க இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறையும் வந்து சேர்ந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த வில்லைகள், தமிழகத்திற்கு ஆட்திரட்டப் புறப்படும் கங்காணியிடம் கொடுத்தனுப்பப்பட்டன. அவ்வில்லையைத் தரித்து வந்தவரை வழியிலுள்ள உத்தியோகத்தர் அடையாளங் கண்டு உரிய தோட்டத்துக்கு அனுப்பி, செலவைத் தோட்டத்தின் கணக்கிற் சேர்த்தனர். எழுத்தறியா மனிதன் ஒருவன் பிறர் வாசிப்பதற்குரிய எழுத்தைத் தன் உடலிற் சுமந்து கடல் கடந்தான். துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது.

எழுத்து இவ்வாறு எட்டாதிருந்த காலத்தில் லயத்து மக்கள் அறிவற்றோராய் இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறு. பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு காமன் கூத்திலும் முழங்கியது. சாவுச் செய்தியையும் சொல்லியது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றைப் பாடி ஆடியோர் நீண்ட பாடற்பகுதிகளை மனத்திற் பதித்து அடுத்த தலைமுறைக்குக் கையளித்தனர். கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் எழுந்த பாடல்கள் கங்காணியின் கொடுமையையும் கடல் கடந்த துயரையும் பதிவு செய்தன. செக்ரோல் குறித்து வைக்காத வரலாறு இப்பாடல்களிலே தங்கிற்று. மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் இவற்றைத் தேடித் தொகுத்தமையாலேயே ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலுருப் பெற்றது.

முறைசார்ந்த கல்வியின் வரலாறு இதனினும் மெதுவாக நகர்ந்தது. 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டங்களிற் சில பாடசாலைகளை நிறுவியது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பதனால் ஊதியம் எதுவும் காணாத நிர்வாகத்திடமே அவர்தம் கல்வி ஒப்படைக்கப்பட்டமை இச்சட்டத்தின் அடிப்படைக் குறைபாடாகும். பல தோட்டங்களிற் பாடசாலை எனப்பட்டது ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை, பிள்ளைகளின் கற்பலகைகள் என்ற அளவில் நின்றது.

ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்துமிடத்து மூத்த மாணவர் இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பது தவிர்க்க முடியாதது. இம்முறை தமிழருக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த பணியே இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்திற் பரவியது. குறைந்த செலவிற் பெருந்தொகையான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் புத்தாக்கமாக அங்கு அது போற்றப்பட்டது. மலைநாட்டுத் தோட்டத்திலோ அதே மணலும் பலகையும் சட்டாம்பிள்ளையும் வேறொன்றும் கொடுக்கப்படாமையின் அடையாளமாயின. சாதனம் ஒன்றே; பிள்ளைகளைக் கற்பிக்க வேண்டும் என்ற நோக்கமே வேறுபட்டது.

அச்சின் வரலாறு இந்த வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகின்றது. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சாயிற்று. மலைநாட்டுத் தோட்ட வாழ்க்கை தொடர்பாக முதலில் அச்சேறிய தமிழ்ப் படைப்பு என இதனைக் கூறுவர். மக்களுக்குப் பழக்கமான கும்மி மெட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கையை அது எடுத்துரைத்தது. தோட்ட முதலாளிகளின் நோக்குக்கே அது இசைவாயிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், அதே அச்சும் அதே மெட்டும் முற்றிலும் மாறான பயன்பாட்டுக்கு வந்தன.

அம்மாற்றத்துக்குக் காரணர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947) ஆவார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை அவர் நடத்தினார். தோட்டம் தனியார் நிலமாதலால் அயலார் அத்துமீறி நுழைதல் குற்றமாகக் கொள்ளப்பட்டது. எனவே, புடைவை வியாபாரி போன்று வேடமிட்டு அவர் லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டார் என்பது வரலாறு. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபின் அட்டன் அவரது பணிக்களமாயிற்று. கூலி எவ்வளவு, சட்டம் தரும் உரிமை யாது, யாரிடம் முறையிடலாம் என்பவற்றை எளிய தமிழில் எழுதிச் சிறு நூல்களாகவும் துண்டுப்பிரசுரங்களாகவும் பரப்பினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அவை 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற நூலாக வெளிவந்தன.

இங்கு நுணுகி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. பெரும்பாலோர் வாசிக்கத் தெரியாத ஒரு சமூகத்தில் துண்டுப்பிரசுரம் எவ்வாறு பயன்பட்டிருக்க முடியும்? வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு லயத்துக்குப் போதும். அவர் உரக்க வாசிக்க, மற்றையோர் கேட்டனர். பாட்டாயிருந்தால் ஒரு முறை கேட்டதைப் பலர் பாடினர். எழுத்தறிவில்லாமை அச்சுக்குத் தடையாகும் என்ற பொதுக் கருத்தை மீனாட்சியம்மாளின் முறை வென்றது. கூத்தும் பாட்டும் பேணி வளர்த்த செவிவழிக் கல்வியும் அச்சும் இவ்விடத்திலே கைகோத்தன. 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’யும் 1932இல் தொடங்கிய ‘தினகர’னும் மலைநாட்டில் இவ்வாறே, வாங்கியோரினும் பன்மடங்கானோரைச் சென்றடைந்தன.

தொழிற்சங்கங்கள் இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்தன. 1939இல் உருவான இலங்கை இந்தியர் காங்கிரஸ் அடுத்த ஆண்டே தன் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தது. 1950இல் அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரைப் பெற்றது. தோட்டத் தலைவர் தொழிலாளியின் வாய்மொழி முறைப்பாட்டைச் சங்க அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கு அது கடிதமாகி நிர்வாகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் போயிற்று. துரை எழுதத் தொழிலாளி கட்டுப்பட்ட நிலை மாறி, தொழிலாளியின் எழுத்துக்குத் துரை மறுமொழி எழுத வேண்டிய நிலை தோன்றியது.

ஆயினும் எழுத்தின் மறுமுகம் விரைவிலேயே மீண்டும் வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கோரியோர், குறித்த ஆண்டுகள் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. குடியுரிமை பெற்றோர் 1,34,000 பேர் வரையிலேயே இருந்தனர். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம், எழுத்துச் சான்று கொண்டு தம் இருப்பை நிறுவுமாறு கேட்கப்பட்டது. தோட்டப் பாடசாலையின் குறைபாடு கல்விப் பிரச்சினை மாத்திரமன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பல்லாயிரம் குடும்பங்கள் பிரிந்தன. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளுக்குச் சென்றோருக்கும் இங்கு எஞ்சியோருக்கும் இடையே பாலமாயிருந்தது கடிதம் ஒன்றே. அக்கடிதமும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தது. லய அறைக்கென இலக்கமிட்ட தனி முகவரி இல்லாமையால், ஒரு தோட்டத்து மக்கள் அனைவருக்கும் ஒரே முகவரி. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்போ வேலை நியமனக் கடிதமோ காலங்கடந்து கைக்குக் கிட்டுவதனால் ஏற்படும் இழப்பு பலர் அறிந்தது. இக்குறை பல தோட்டங்களில் இன்னும் முற்றாகத் தீரவில்லை.

நிர்வாகத்தின் இடைநிலை இல்லாமல் லயத்துக்குள் நேராக நுழைந்த முதற் சாதனம் வானொலி எனலாம். இலங்கையில் 1925இலேயே ஒலிபரப்பு தொடங்கியிருந்தும் மின்சாரமற்ற லயங்களுக்கு அது எட்டவில்லை. 1954இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்த ‘டிரான்சிஸ்டர்’ வானொலி உலர்மின்கலத்தில் இயங்கக்கூடியதாயிருந்தமையால், பின்வந்த ஆண்டுகளில் மலைநாட்டு லயங்களிலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலித்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே செய்தி ஒரே நேரத்திற் கிட்டியமை தோட்ட வரலாற்றில் இதுவே முதன்முறை.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அதன் பயனைப் பெறாது ஒதுங்கி நின்ற தோட்டப் பாடசாலைகள், 1970களிலேயே கட்டங்கட்டமாக அரசின் பொறுப்பில் வந்தன. அதன் பின்னரே பயிற்றப்பட்ட ஆசிரியர், பாடநூல், மேல் வகுப்பு என்பவை படிப்படியாகத் தோட்டப் பிள்ளைக்குக் கிட்டின. பல்கலைக்கழகம் நோக்கிய பாதையும் திறந்தது. ஆயின் 2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்பித்தல் கைத்தொலைபேசிக்கு மாறியபோது பழைய வினா புதுவடிவில் எழுந்தது. வீட்டுக்கு ஒரு தொலைபேசி, அதற்குப் பல பிள்ளைகள். நாட்கூலியில் ‘டேட்டா’ வாங்கும் பெற்றோர். மலைமறைவில் அலைவரிசை கிட்டாமையால் மேடு தேடி ஏறும் மாணவர். உலகின் மிகப் புதிய சாதனம் வந்துவிட்டது. ஓரறைப் பாடசாலைக் காலத்து ஏற்றத்தாழ்வும் அதனோடு கூடவே வந்தது.

இவ்வரலாற்றினை ஒருங்கே நோக்குமிடத்து, சாதனங்களின் புதுமை மட்டும் மக்களை உயர்த்தியதில்லை என்பது தெளிவாகும். துண்டும் காகிதமே, துண்டுப்பிரசுரமும் காகிதமே. முன்னையதை வாசிக்க இயலாதவர் விலைபோயினர். பின்னையதை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டுத் தம் உரிமையை உணர்ந்தனர். கணினி வசதியைத் தோட்டப் பாடசாலைக்கு வழங்குவோர் எண்ணிக்கையோடு நின்றுவிடாது, அதனை இயக்கும் ஆசிரியரையும் அதன்வழி பேசும் உரிமையையும் உறுதிப்படுத்துதல் வேண்டும்.

மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டது. அதன் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டிய பணிகளுள் ஒன்று பல்கலைக்கழக மாணவரின் சக்திக்கு உட்பட்டது. சங்கக் கடிதங்கள், குடியுரிமை விண்ணப்பப் பிரதிகள், பழைய பாடசாலைகளின் சம்பவத்திரட்டுகள், நீலகிரியிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியன லயங்களின் பெட்டிகளிலே கறையானுக்கு இரையாகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இவற்றைப் பேணும் வழியைக் காட்டியுள்ளன. பிறர் எழுதிவைத்த செக்ரோலில் ஒரு பெயராக மட்டும் நின்ற மக்கள் தம் கைப்பட எழுதியவற்றைத் தேடித் தொகுத்தாலன்றி, மலையகத்தின் எழுத்து வரலாறு துரைமாரின் பதிவேடுகளிலிருந்தே எழுதப்பட நேரும்.