புயல் நம் நீரிணைக்கும் வந்தது



புயல் என்றதும் பேராக் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு நினைவில் எழுந்தவை நாகப்பட்டினமும் தனுஷ்கோடியுமே. "இந்த நாட்டுக்குப் புயல் வாராது" என்பது அவர்கள் வாக்கு. பெரும்பாலும் அது சரிதான். ஏன் சரி என்பதற்கு விடை காற்றழுத்தத்தில் இருக்கிறது. ஆனால் அங்கு மட்டும் இல்லை.

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒப்பிட்டுப் புயல்களை ஆராய்ந்தவர். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848இல் அவரே படைத்தார். காற்றழுத்தமானி இறங்குவதைக் கவனித்துப் புயலின் நடுவை விட்டு விலகுமாறு மாலுமிகளுக்கு அறிவுறுத்தினார்.

கடல்மட்டத்தில் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 1013 ஹெக்டோபாஸ்கல். வெதுவெதுப்பான கடல்மீது ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அவ்விடம் நோக்கி விரைகிறது. புவியின் சுழற்சி அதனை வளைக்கிறது. அவ்வளைவே புயலைச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டருகே வளைவு மிகக் குறைவு. காற்று நேரே பாய்ந்து தாழ்வை நிரப்பிவிடும். எனவேதான் 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது என்கின்றன நூல்கள். ஈப்போ இருப்பது ஏறத்தாழ 4.6 பாகையில்!

ஆயினும் அவ்வெல்லை வேலியன்று. 1964 டிசம்பரில் பாம்பன் பயணிகள் ரயிலையும் தனுஷ்கோடியையும் கடலுக்கு இரையாக்கிய புயல், தென் அந்தமான் கடலில் 5 பாகையை ஒட்டியே தோன்றியது. 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரைத் தாக்கிய 'வாமெய்' உருவானதோ வெறும் 1.4 பாகையில். தென்சீனக் கடலின் வடகிழக்குப் பருவக்காற்று போர்னியோ அருகே ஏற்படுத்திய சுழல், புவிச்சுழற்சியின் குறையை ஈடுசெய்தது என்பர் ஆய்வாளர்.

பின்னர் நம் வாசலுக்கே வந்தது ஒன்று. 2025 நவம்பர் 26 அன்று மலாக்கா நீரிணையில் 'சென்யார்' புயலாயிற்று. சுமத்திராவில் நுழைந்து, திரும்பி, வலுவிழந்து தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையை அடைந்தது. அதன் நடுவில் அழுத்தம் பெரிதாகச் சரியவில்லை. காற்றும் கடும்புயல் அளவுக்கு வீசவில்லை. மழைதான் கொன்றது. சுமத்திராவில் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

"மலேசியாவில் புயல் வாராது" என்று எழுதும் மாணவனுக்கு நான் இப்போது முழுப் புள்ளி வழங்குவதில்லை. 'அரிது' என்று எழுதி, காரணத்தையும் சேர்த்தால் வழங்குகிறேன்.