வீட்டுக்குப் பின்னால் நின்ற ஏற்பாடு: கேல் நகரக் குடும்பப் பராமரிப்பின் வரலாறு

மனநோயுற்ற ஒருவரை, உறவே இல்லாத ஒரு குடும்பம் தன் வீட்டில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் மிகப் பழைய சான்று, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் உள்ள கேல் நகரம். இந்த ஊரைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஊர் மக்களின் இரக்கத்தைப் போற்றினார்கள். அந்த இரக்கத்தை மறுக்க முடியாது. ஆனால் இரக்கம் உள்ள ஊர்கள் ஐரோப்பாவில் நிறையவே இருந்தன; இந்த வழக்கம் நூற்றாண்டுகளைத் தாண்டி நிலைத்தது கேலில்தான். அதற்கு என்ன காரணம்? வீட்டுக்காரரின் நல்ல மனதோடு, அவருக்குப் பின்னால் நின்ற ஏற்பாடும் சேர்ந்ததே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. நோயரைப் பார்த்துக்கொள்வதற்கான படியை யார் கொடுத்தார்கள், நெருக்கடி வந்தால் நோயரை எங்கே அனுப்ப முடிந்தது, குறையை யாரிடம் சொல்ல முடிந்தது ஆகிய மூன்று கேள்விகளைக் கொண்டு இந்த வரலாற்றைக் காலவரிசையில் பார்க்கலாம்.

1. தேவாலயமும் ஊராரும்

தொடக்கம் ஒரு தொன்மக் கதை. தாயை இழந்த அயர்லாந்து இளவரசி டிம்ஃப்னா, தன்னையே மணக்கத் துணிந்த தந்தையிடமிருந்து தப்பிக் கேலுக்கு வந்தாள். துரத்தி வந்த தந்தை அவள் தலையை வெட்டினான் என்பது கதை. நிகழ்வு 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். எழுத்தில் வந்தது 13-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். பித்துப்பிடித்த தந்தைக்கு இணங்காதவள் என்பதால் டிம்ஃப்னா மனநோயரின் காவல் புனிதையானாள். அவள் பெயரில் உள்ள தேவாலயத்தின் கட்டுமானம் 1349-ல் தொடங்கியது.

நோயர்கள் ஒன்பது நாள் வழிபாட்டுக்கு வந்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தை ஒட்டி ஒரு நோயர் கூடம் எழுந்தது. அதில் இடம் போதாதபோதும், ஒன்பது நாளில் குணம் தெரியாதபோதும், அவர்கள் ஊர் வீடுகளில் தங்கினார்கள். குடும்பப் பராமரிப்பு இப்படித்தான் பிறந்தது: யாரும் திட்டமிடாமல், இடப் பற்றாக்குறையிலிருந்து. கேல் அமைந்துள்ள கேம்பன் வட்டாரம் மணற்பாங்கானது, விளைச்சல் குறைவு. நோயரின் உறவினரோ, அவரை அனுப்பிய ஊரின் ஏழையர் நிதியோ கொடுத்த படி குடியானவர் வீட்டுக்கு ஒரு நிலையான வரவாக இருந்தது. வயலிலும் தொழுவத்திலும் கூடுதலாக இரண்டு கைகளும் கிடைத்தன.

ஆனால் அக்காலத்தில் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு மட்டுமே இருந்தது, துணை இல்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஊர் நிர்வாகம் பிறப்பித்த ஆணைகள், மூர்க்கமானவர்களைக் கட்டி வைக்கும் கடமையையும் அவர்களால் நேரும் சேதத்துக்கான பொறுப்பையும் வீட்டுக்காரர் மீதே சுமத்தின. கேலின் வீடுகளில் விலங்கும் சங்கிலியும் இருந்ததற்கு வீட்டாரின் கொடுமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மருத்துவரும் இல்லை, திருப்பி அனுப்ப இடமும் இல்லை என்ற நிலையில் அவர்கள் கைக்கு எட்டிய வழி அது.

2. மதத்தின் கையிலிருந்து அரசின் கைக்கு

பிரெஞ்சு ஆட்சி 1795-ல் இப்பகுதியை இணைத்துக்கொண்டபின் தேவாலயத்தின் பிடி தளர்ந்தது. வழிபாடு தடைப்பட்டும் நோயர் வரவு நிற்கவில்லை. அதற்குள் வீடுகள் தேவாலயத்தைச் சாராமல் இயங்கப் பழகியிருந்தன. 1803-ல் டீல் மாவட்ட ஆட்சியர் பொன்டேகூலான், பிரஸ்ஸல்ஸ் காப்பகத்தில் நெரிசலில் கிடந்த நோயர்களைக் கேலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். வேண்டுதலுக்காக வந்தவர்களின் இடத்தில், நகராட்சிகள் செலவு கொடுத்து அனுப்பியவர்கள் வந்தார்கள்.

1821-ல் பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல் கேலுக்கு வந்தார். நோயர்கள் தெருக்களிலும் வயல்களிலும் தன்போக்கில் நடமாடியது அவரை வியக்க வைத்தது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாததும் சங்கிலிகளும் அவரை உறுத்தின. கென்ட் நகர மருத்துவர் கிஸ்லேன் இன்னும் கடுமையாகப் பேசினார். பயிற்சியில்லாத குடியானவரிடம் நோயரை ஒப்படைப்பது அவருக்கு மருத்துவமாகவே படவில்லை.

இந்த விமர்சனங்கள் கேலை அழிக்கவில்லை, அதற்கு ஒரு முதுகெலும்பைக் கொடுத்தன என்றே சொல்லவேண்டும். 1850-ஆம் ஆண்டின் பெல்ஜிய மனநோயர் சட்டத்தைத் தொடர்ந்து கேல் அரசின் மனநோயர் குடியிருப்பாயிற்று. மருத்துவர் பரிகோ முதல் மருத்துவ ஆய்வாளரானார். 1856-ல் பொறுப்பேற்ற புல்கன்ஸ் காலத்தில், 1862-ல் மருத்துவமனை திறந்தது.

3. ஏற்பாடு உருவான விதம்

1850-க்குப் பின் உருவானவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். பின்னால் வந்த எல்லாத் திட்டங்களின் கூறுகளும் இங்கே இருக்கின்றன.

முதலாவது, இடம் ஒதுக்கும் குழு. யாரை யார் வீட்டில் வைப்பது என்பதை வீட்டுக்காரரும் நோயரின் உறவினரும் பேரம் பேசி முடிக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, குழு முடிவு செய்தது. அரசுச் செலவில் வந்தவர்கள் ஒரு வீட்டுக்கு இருவருக்கு மேல் கூடாது. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் கூடாது.

இரண்டாவது, பகுதிப் பிரிவு. ஊரும் சுற்றுக் குக்கிராமங்களும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவரும் வீடு வீடாகப் போய்வரும் காவலர்களும் இருந்தார்கள். வேவு பார்ப்பதும் உதவுவதும் இவர்களுக்கு ஒரே வேலைதான். பிற்காலச் செவிலியரின் முன்னோடிகள் இவர்களே.

மூன்றாவது, மருத்துவமனை. புதிதாக வந்தவரைச் சில நாள் கவனித்து, எந்த வீடு பொருந்தும் என்று பார்த்து அனுப்பினார்கள். வீட்டில் நிலைமை கைமீறினால் அவரை இங்கே திருப்பிக் கொண்டுவரலாம். ‘இனி என்னால் முடியாது’ என்று சொல்ல ஓர் இடம் கிடைத்ததும் சங்கிலிக்குத் தேவை குறைந்தது.

பின்னர் வட்டாரங்களில் குளியல் நிலையங்களும் எழுந்தன. குழாய்த் தண்ணீர் இல்லாத குடியானவர் வீட்டுக்கு இது பெரிய சுமை இறக்கம். குளிக்க வந்தவரின் உடலில் காயமோ இளைப்போ இருந்தால் கண்ணில் படும் என்பதால், வாய் திறந்து சொல்ல இயலாத நோயருக்கு இது பாதுகாப்பாகவும் அமைந்தது. தவறு செய்த வீட்டாருக்கு முக்கியத் தண்டனை, நோயரை அங்கிருந்து எடுத்துவிடுவதுதான். வரவு போவதோடு ஊருக்குள் தலைகுனிவும் நேர்ந்தது.

4. பரவலும் திரிபும்

கேலின் முன்மாதிரி பல வடிவங்களில் பரவியது. ஸ்காட்லாந்தில் 1857-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மனநோயர்களைக் கிராமத்துக் குடிசைகளில் தங்கவைக்கும் முறை வலுப்பெற்றது. துணை ஆணையர் ஆர்தர் மிட்செல் 1864-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அங்கே கேலைப் போல ஊர் நடுவில் மருத்துவமனை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் உள்ளூர் மருத்துவரும், எப்போதாவது வரும் அதிகாரியுமே துணை. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுவோருக்காக 1884-ல் லியெர்னோவில் ஒரு குடியிருப்பு தொடங்கியது. பாரிஸ் காப்பகங்களின் நெரிசலைக் குறைக்க 1892-ல் தூன்-சூர்-ஒரோனில் ஓகுஸ்த் மரி தொடங்கிய குடியிருப்புக்கு, முதலில் அமைதியான முதிய பெண்களே அனுப்பப்பட்டார்கள். 1902-ல் ஆன்ட்வெர்ப்பில் குடும்பப் பராமரிப்புக்கென்றே பன்னாட்டு மாநாடு கூடியது.

நிர்வாகங்களை இதன்பால் இழுத்தது பெரும்பாலும் செலவுக் குறைவு. ஆனால் காப்பகத்தைவிட மலிவு என்ற காரணத்துக்காக மட்டும் குடும்பங்களைத் தேடியபோது, துணை ஏற்பாட்டைத்தான் முதலில் சுருக்கினார்கள்.

5. எண்ணிக்கை சரிந்த காலம்

1938-ல் கேலின் குடும்பங்களில் 3,700-க்கும் மேற்பட்ட நோயர் இருந்தனர். பிறகு எண்ணிக்கை இறங்கியது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு 423 குடும்பங்களில் 516 பேர் இருந்ததாகக் கூறுகிறது. இன்று அதிலும் மிகக் குறைவு. உழவு இயந்திரமயமானதும் வயலில் கூடுதல் கைக்கு வேலை இல்லை. பெண்கள் வெளியே வேலைக்குப் போனதும் பகலில் வீட்டில் ஆள் இல்லை. 1950-களில் வந்த மருந்துகளும், பின்னர் வந்த பாதுகாப்பு இல்லங்களும் வேறு வழிகளைத் திறந்தன. ஊர் மக்களின் மனம் மாறிவிட்டது என்று சொல்வதைவிட, ஒரு குடும்பம் இந்தப் பொறுப்பை ஏற்கத் தேவையான சூழல் மாறிவிட்டது என்பதே பொருந்தும்.

1948-ல் குடியிருப்பு நீதித் துறையிடமிருந்து பொதுச் சுகாதாரத் துறைக்கு வந்தது. 1966-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லியோ ஸ்ரோல் தொடங்கிய ஆய்வுத் திட்டமும், மானுடவியலாளர் ஓய்கேன் ரோசென்ஸின் நூல்களும் வீட்டுக்குள் நடப்பதை முதன்முறையாக நெருக்கமாகப் பதிவு செய்தன. பிற்கால ஆய்வாளர்கள் கேட்டு எழுதிய ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஒரு வீட்டில் தங்கியிருந்த நோயர் தினமும் தன் சட்டைப் பொத்தான்களைத் திருகிப் பிய்த்துவிடுவார். வீட்டுப் பெண் தினமும் மாலையில் அவற்றைத் தைத்துக் கொடுப்பார். தூண்டில் நரம்பால் தைத்தால் பிய்க்க முடியாதே என்று யோசனை சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்: அந்த மனிதருக்குத் திருகவேண்டியிருக்கிறது, அதைத் தடுப்பதுதான் பெரிய கெடுதல் என்றார். இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் வராது. ஆனால் தினமும் பொத்தான் தைப்பவருக்கு ஒரு வாரம் ஓய்வு தரவும், இரவில் நிலைமை மோசமானால் தொலைபேசியை எடுக்கவும் ஆள் வேண்டும். இன்றைய கேலில் வீட்டுக்குப் போய்வரும் செவிலியரும், பகல்நேர மையங்களும், அவசரப் படுக்கைகளும் இதற்காகவே உள்ளன.

6. சட்டமான பாடம்

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏற்பாடு மனநோயரைத் தாண்டி முதியோர், மாற்றுத்திறனாளிகள் பக்கம் நகர்ந்தது. பிரான்சின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், இவர்களை வீட்டில் ஏற்பவர் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் ஊதியத்துடன் கூடிய விடுப்புரிமையையும் உறுதிசெய்தது. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகள், தனித்தனி வீடுகளுக்குப் பதிலாக, அவற்றைத் தேர்ந்து, பொருத்திவைத்து, தொடர்ந்து கண்காணிக்கும் திட்டங்களையே பதிவுக்கு உட்படுத்தின. வீடு, வீடாகவே இருக்கட்டும், நிறுவனத்தின் பொறுப்புகளைப் பின்னால் நிற்கும் அமைப்பு சுமக்கட்டும் என்பது இதன் உட்கருத்து.

2023-ல் யுனெஸ்கோ கேலின் குடும்பப் பராமரிப்பை மரபுப் பாதுகாப்புக்கான நல்ல நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. மரபு என்ற சொல் இங்கே ஓர் ஆபத்தையும் சுமக்கிறது: இது இம்மக்களின் இரத்தத்தில் ஊறியது, வேறெங்கும் வராது என்ற முடிவுக்கு எளிதில் தள்ளிவிடும். வரலாறு காட்டுவது வேறு. படி மட்டும் இருந்து, திருப்பி அனுப்ப ஓர் இடமும், குறை கேட்க ஒரு காதும் இல்லாத காலத்தில் அதே மக்களின் வீடுகளில் சங்கிலி இருந்தது. அவை கிடைத்த பின் சங்கிலி மெல்ல மறைந்தது. ஆகவே, புதிதாக இத்தகைய திட்டம் தொடங்கும் எந்த அரசும் நல்ல குடும்பங்கள் கிடைக்குமா என்று தேடும் முன்பு, கிடைத்த குடும்பம் சோர்ந்துபோகும் நாளில் தன்னால் என்ன செய்ய முடியும் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.