பரவை என்று தேடினால்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், தமிழ்ச் செய்திகளைத் தேடுவதற்கு எலாஸ்டிக்சர்ச்சில் இன்டெக்ஸ் அமைத்துக்கொண்டிருக்கிறார். "சார், நம்ம ஊர் பேரையே போட்டுப் பார்த்தேன். பரவை என்று தேடினால் பரவையில், பரவைக்கு என்று இருக்கிற பக்கம் எதுவும் வர மாட்டேங்குது" என்றார். இந்தச் சிக்கலுக்கு வயது சில நூறு ஆண்டு என்று அவரிடம் சொன்னேன்.

அந்தக் காலத்தில் சொல்லுக்குப் பொருள் பார்க்க நிகண்டுதான். தேவர் பெயர், மக்கள் பெயர், மரப் பெயர் என்று வகை வகையாகச் செய்யுளில் இருக்கும். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். முழுவதும் நெஞ்சில் இருந்தால்தான் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடியும். 1594-ல் சிதம்பரம் இரேவண சித்தர் முதலெழுத்தை வைத்து அகர வரிசையில் அகராதி நிகண்டு செய்தார். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியை எழுதினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவு. ஒரே சொற்களஞ்சியத்துக்கு நான்கு வாசல். சொல் தெரிந்தால் பொருளுக்குப் போகலாம், பொருள் தெரிந்தால் சொல்லுக்கு வரலாம். என்னைக் கேட்டால், தமிழில் இன்டெக்ஸை 'அமைத்த' முதல் ஆள் அவர்தான்.

அடுத்த பெரிய வேலை நம் மதுரையில் தொடங்கியது. 1913 ஜனவரியில் தமிழ் லெக்சிகன் பணி ஆரம்பமானபோது அதன் பதிப்பாசிரியர் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர். அலுவலகமும் முதலில் இங்கேதான் இருந்தது, பிறகு சென்னைக்குப் போனது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழை நடத்திய மு. இராகவையங்கார் அங்கே தலைமைப் பண்டிதர். ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீடு, முடிந்தபோது சுமார் 4 லட்சத்து 10 ஆயிரம். 1936-ல் ஆறு தொகுதிகள் முடிந்தன, 1,04,405 சொற்கள். விட்டுப்போனவற்றுக்காக 1939-ல் இன்னும் 13,357 சொற்களோடு அனுபந்தம் போட்டார்கள்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். எலாஸ்டிக்சர்ச் 2010-ல் ஷே பேனன் என்பவர் வெளியிட்டது. புத்தகக் கடைசியில் 'இந்தச் சொல் இந்தப் பக்கங்களில்' என்று போட்டிருக்கும் அல்லவா, அதே பட்டியல்தான். பட்டியல் பெரிதானால் துண்டு துண்டாக்கிப் பல கம்ப்யூட்டர்களில் வைக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு ஷார்டு என்று பெயர். எத்தனை ஷார்டு என்பதை இன்டெக்ஸை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். காரணம் நம் வகுத்தல் கணக்குதான். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் கிடைக்கிறது, அதை ஷார்டு எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்த்து இடம் ஒதுக்குகிறது. 17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2. பிற்பாடு 6 ஷார்டு என்று மாற்றினால் மீதி 5. பழைய ஆவணத்தைத் தவறான இடத்தில் தேடும். பிரதிகளின் எண்ணிக்கையை மட்டும் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம்.

சரி, பரவைக்கு என்ன வழி? சொல்லை எப்படி உடைப்பது என்பதையும் முதலிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு அனலைசர் என்று பெயர். இங்கேதான் நம் இலக்கணம் வருகிறது. 'மரத்தில்' என்பதிலிருந்து 'மரம்' கிடைக்க வேண்டுமானால் அத்துச் சாரியை தெரிய வேண்டும். வகுப்பில் சாரியை நடத்தும்போது தூங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்! உருபுகளை வெட்டி வேர்ச்சொல் எடுக்கும் ஸ்னோபால் என்ற நிரல்தொகுப்பில் 2019-ல்தான் தமிழ் சேர்ந்தது. அளவு மீறி வெட்டினாலும் ஆபத்து. பரவையின் கடைசி ஐகாரத்தை இரண்டாம் வேற்றுமை உருபு என்று எண்ணி வெட்டினால் ஊரே காணாமல் போய்விடும். ஊர்ப்பெயர்களை வெட்டாதே என்று தனிப்பட்டியல் கொடுக்கலாம். அதைத்தான் அந்த மாணவரிடம் முதலில் செய்யச் சொன்னேன்.

வரிசையிலும் ஒரு கோளாறு உண்டு. யூனிகோடு எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம். நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசி. சொல்லிக்கொடுக்காவிட்டால் இயந்திரம் 'பனம்பழ'த்தைப் 'பந்து'க்கு அடுத்தும் 'பரவை'க்கு முன்னாலும் வைத்துவிடும்.

இன்னொன்று பாக்கி. பழைய தமிழில் பரவை என்றால் கடல். திருவாரூர்ப் பரவை நாச்சியார் சுந்தரரின் மனைவி. நம் பரவையோ வைகைக் கரையில் இருக்கிறது. மூன்றையும் பிரித்துக் காட்ட வேர்ச்சொல் போதாது, அருகில் என்ன சொல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.