அசித்ரோமைசின் போட்டதும் இருமல் குறைகிறதே, கிருமி செத்ததாலா? ஆன்டிபயாடிக்கின் இன்னொரு முகம்

"சளி, இருமலா? அசித்ரோமைசின் மூணு நாள் போடு, சரியாயிடும்." அலுவலகத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் அடிக்கடி கிடைக்கும் அறிவுரை இது. இந்தியாவின் தனியார் மருந்துச் சந்தையில் 2019ஆம் ஆண்டு மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட ஆன்டிபயாடிக் எது தெரியுமா? அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரைதான்.

ஆனால் சளிக்கும், திடீரென வரும் பெரும்பாலான இருமலுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. அப்படியிருந்தும் பலர் "எனக்குக் கேட்டுச்சே" என்கிறார்கள். ஏன்?

முதல் காரணம் எளிது. வைரஸ் சளி சில நாட்களில் தானாகவே குறையும். பெயர் மாத்திரைக்குப் போய்விடும். இதைத் தாண்டி இன்னொரு விஷயமும் உண்டு. சில ஆன்டிபயாடிக்குகள் கிருமியை மட்டுமல்ல, நம் நோய் எதிர்ப்பு செல்களையும் தொடுகின்றன.

இது எப்படித் தெரிய வந்தது?

ஜப்பானில் நுரையீரலின் சிறு குழாய்களைப் பாதிக்கும் 'டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ்' என்ற நோய் பலரைப் பலிவாங்கியது. 1970களில் இந்த நோயாளிகளில் சுமார் 63% பேர்தான் ஐந்து ஆண்டுகளைக் கடந்து உயிர் வாழ்ந்தனர். 1980களில் எரித்ரோமைசினைக் குறைந்த அளவில், நீண்ட காலம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்த விகிதம் 91% ஆக உயர்ந்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இந்த நோயாளிகள் பலரின் நுரையீரலில் இருந்த சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை எரித்ரோமைசினால் கொல்ல முடியாது. கிருமி சாகாமலே நோயாளி தேறினார். அப்படியென்றால் மருந்து வேறெங்கோ வேலை செய்திருக்க வேண்டும்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

உடலில் தொற்றோ காயமோ ஏற்பட்டால் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளை அணுக்கள் அங்கே விரைகின்றன. சிவத்தல், வீக்கம், சூடு, வலி எல்லாம் இதன் விளைவு. இதுதான் அழற்சி. தேவையானதுதான், ஆனால் அடங்காமல் போனால் நம் திசுவையே அரித்துவிடும்.

எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை 'மேக்ரோலைடு' குடும்பம். அசித்ரோமைசின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இந்த வெள்ளை அணுக்களுக்குள் சேர்ந்துகொள்ளும். அங்கே அழற்சி மரபணுக்களை இயக்கும் 'என்எஃப்-கப்பா பி' என்ற சுவிட்சின் வேகத்தைக் குறைக்கிறது. நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும் 'இன்டர்லூக்கின்-8' என்ற சமிக்ஞையும் குறைகிறது. கூப்பாடு குறைந்தால் கூட்டமும் குறையும். மேக்ரோஃபேஜ்களும் சண்டை போடுவதை விட்டு, பழுதுபார்க்கும் பக்கம் சாய்கின்றன.

வேறு மருந்துகளும் உண்டா?

உண்டு. டாக்ஸிசைக்ளின், திசுவை அரிக்கும் சில நொதிகளைத் தடுக்கிறது. அதனால் ஈறு நோய்க்கும், முகம் சிவக்கும் ரோசேஷியாவுக்கும் கிருமியைக் கொல்லப் போதாத குறைந்த அளவிலேயே தரப்படுகிறது. தொழுநோய் மருந்தான டாப்ஸோன், நியூட்ரோஃபில்களால் வரும் சில தோல் நோய்களுக்கும் பயன்படுகிறது.

அப்போ அழற்சி உள்ள எல்லா நோய்க்கும் கொடுக்கலாமா?

கோவிட் காலத்தில் அந்த நம்பிக்கை இருந்தது. பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வில் மருத்துவமனையில் இருந்த 7,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அசித்ரோமைசின் சோதிக்கப்பட்டது. 28 நாட்களில் இறந்தவர்கள், மருந்து எடுத்த பிரிவிலும் எடுக்காத பிரிவிலும் 22 சதவீதம்தான். பலன் இல்லை.

குறிப்பிட்ட சிலருக்குப் பலன் உண்டு. இன்ஹேலர் எடுத்தும் கட்டுப்படாத ஆஸ்துமா உள்ள 420 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், 48 வாரம் அசித்ரோமைசின் எடுத்தவர்களுக்கு நோய் தீவிரமாவது சுமார் 40% குறைந்தது. ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில், மாதக்கணக்கில் நடக்கும் சிகிச்சை. மூணு நாள் கோர்ஸ் இல்லை.

சும்மா போட்டால் என்ன நஷ்டம்?

அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கலாம். நீண்ட நாள் எடுத்தால் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து, அழற்சி குறைகிறதோ இல்லையோ, மருந்து போகும் இடத்திலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சமாளிக்கப் பழகிக்கொள்வது. இந்தியாவில் டைஃபாய்டு கிருமி ஏற்கெனவே சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. அதற்கு வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் அசித்ரோமைசினும் ஒன்று.

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் "ஒரு அசித்ரோ கொடுங்க" என்று கேட்கும் முன் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எனக்கு வந்திருப்பது பாக்டீரியா தொற்றா?" இல்லை என்றால் ஓய்வும், தண்ணீரும், தேவைப்பட்டால் பாராசிட்டமாலும் போதும். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குறையாத காய்ச்சல் இருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம்.